அப்பாவின் இடது காது

அத்தியாயம் 6

கணக்கு டீச்சர் ஃபைலை மேஜைமேல் வைத்த விதத்திலேயே கண்டக்டருக்கு ஒன்று புரிந்துவிட்டது. இந்த அம்மா தப்புச் செய்கிற ரகம் இல்லை. தப்புச் செய்தவனைச் சும்மா விடுகிற ரகமும் இல்லை.

ஒவ்வொரு பில்லும் தனித்தனி பிளாஸ்டிக் உறைக்குள் இருந்தது. தேதிவாரியாக வேறு. அப்பாவின் பில்களுக்குப் பச்சைச் சீட்டு, அம்மாவின் பில்களுக்கு மஞ்சள் சீட்டு. இருமல் மருந்து வாங்கிய துண்டுச் சீட்டைக்கூட இஸ்திரி போட்டது மாதிரி வைத்திருந்தார்.

கண்டக்டர் என்பது பழைய உத்தியோகத்தின் மிச்சம். பத்தொன்பது வருஷம் பஸ்ஸில் டிக்கெட் கிழித்தவர், போதும் என்று ஒருநாள் பையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, சலவைக் கடைக்கு மேலே இருக்கும் இந்த ஒற்றை அறைக்கு உதவியாளராக வந்து சேர்ந்தார். அறையின் சொந்தக்காரர் பென்சில் மேடம். வரி ஆபீஸில் முப்பது வருஷம் ஊரார் கணக்கைக் குடைந்துவிட்டு, ஓய்வு பெற்ற மறுவாரமே துப்பறியும் போர்டு மாட்டியவர். கொண்டையில் சதா ஒரு பென்சில் இருக்கும். யோசிக்கும்போது உருவுவார், விடை கிடைத்ததும் செருகுவார். கேஸ் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று கண்டக்டர் கொண்டையைப் பார்த்தே சொல்லிவிடுவார்.

இப்போது பென்சில் கையில் இருந்தது.

"நோட்டீஸ் என்னிக்கு வந்தது?" என்றார் மேடம்.

"திங்கக்கிழமை. நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள பதில் குடுக்கணும். இல்லேன்னா நான் கேட்ட வரிக் கழிவு மொத்தத்தையும் தள்ளிடுவாங்களாம். அபராதம் வேற போடுவாங்களாம்."

விஷயம் இதுதான். டீச்சரின் அப்பா மார்ச் மூன்றாம் தேதி காலமானார். அம்மா அதே வருஷம் மே மாதக் கடைசியில். இரண்டு பேருக்கும் ஆஸ்பத்திரி, மருந்து, ஆக்ஸிஜன் எல்லாமே டீச்சரின் சம்பளத்தில்தான் நடந்தது. பெற்றவர்களுக்குச் செய்த வைத்தியச் செலவை வருமான வரியில் கழித்துக்கொள்ளலாம், அவர்கள் இப்போது இல்லையென்றாலும் இருந்தபோது செய்த செலவு செலவுதான் என்று கூட வேலை பார்ப்பவர் சொல்ல, டீச்சர் எல்லாவற்றையும் அடுக்கி அனுப்பிவிட்டார். வரி அதிகாரி சுருக்கமாகத் திருப்பிக் கேட்டிருந்தார். காலமானவரின் பெயரில், காலமான தேதிக்குப் பிறகு, மூன்று மருத்துவ பில்கள் உள்ளன. விளக்கவும்.

"நியாயமான கேள்விதானே?" என்றார் கண்டக்டர். "இறங்கினதுக்கப்புறம் ஒருத்தருக்கு எதுக்கு டிக்கெட்?"

மேடம் ஒரு முறை முறைத்துவிட்டு பில்களைப் புரட்டினார்.

"இது ஆஸ்பத்திரியோட கடைசி பில். நீங்க பணம் கட்டினது ஒம்பதாம் தேதி. ஆனா வைத்தியம் நடந்தது மூணாந்தேதி வரைக்கும். அவர் இருந்தப்போ நடந்த வைத்தியத்துக்கு நீங்க பின்னாடி கட்டியிருக்கீங்க. தப்பே இல்ல, நிக்கும். இது ஆக்ஸிஜன் மெஷின் வாடகை. மெஷினைத் திருப்பிக் குடுத்தது பத்தாம் தேதி, வாடகை பிப்ரவரிக்கு. இதுவும் நிக்கும்." மூன்றாவது உறையில் பென்சில் நின்றது. "மார்ச் பதினாலு. காது கிளினிக். இடது காதுக்கு மோல்டு ஒண்ணு."

"மோல்டுன்னா?" என்று கேட்டார் கண்டக்டர்.

"காதுக்குப் பின்னாடி மாட்டுற மெஷின்ல இருந்து ஒரு சின்னக் குழாய் வரும் இல்லையா, அது காதுக்குள்ள போய் உக்காருற அச்சு," என்றார் டீச்சர். "ஒருத்தரோடது இன்னொருத்தருக்குப் பொருந்தாது. காதுக்குள்ள பசை மாதிரி ஒண்ணை ஊத்தி, அது இறுகினப்புறம் எடுத்து, அந்த அளவுக்குச் செய்வாங்க."

"அப்படின்னா மூணாந்தேதி காலமான உங்கப்பா, பதினாலாம் தேதி நேர்ல போய்க் காதைக் காட்டியிருக்காரு."

"அது மட்டும் இல்ல சார். அவருக்கு இடது காது சின்ன வயசுலேயே சுத்தமாப் போயிடுச்சு. மெஷின் போட்டது வலது காதுக்குத்தான். இடது காதுல மெஷின் மாட்டுறதும் ஒண்ணுதான், சுவத்துல மாட்டுறதும் ஒண்ணுதான்."

கண்டக்டர் விசில் அடிக்க வாயைக் குவித்துவிட்டு, டீச்சர் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டார்.

"இந்த பில் உங்க ஃபைலுக்குள்ள எப்படி வந்தது?" மேடம் கேட்டார்.

டீச்சரின் காது மடல் சிவந்தது. "கிளினிக்ல அப்பா கார்டு நம்பரைச் சொல்லி, ஒரு வருஷ பில்லுக்கும் மொத்தமா நகல் வாங்கினேன். நாலு இருந்துச்சு. முதல் மூணைப் பாத்தேன், சரியா இருந்துச்சு. நாலாவதைப் பாக்காமலே வெச்சுட்டேன். எங்க கிளாஸ்ல ஒரு பிள்ளை இப்படிச் செஞ்சிருந்தா வெளியில நிக்க வெச்சிருப்பேன்."

"சரி, உங்களுக்கு யார் மேல சந்தேகம்?"

"சந்தேகமே இல்ல. எங்கண்ணன்தான்." டீச்சர் கைப்பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து நீட்டினார். வரி அதிகாரிக்கு எழுதிய பதில். "அப்பாவோட மெஷினையும் கார்டையும் அவன்தான் எடுத்துட்டுப் போனான். அப்பா பேர்ல பொய்யா செலவு காட்டி, அவனும் வரியில கழிச்சிருக்கான். முழுப் பேரு, வீட்டு விலாசம், அவன் வேலை செய்யிற ஏலக் கூடத்து விலாசம் எல்லாம் எழுதிட்டேன். நீங்க ஆதாரம் மட்டும் குடுங்க, இதோட சேத்து அனுப்பிடுறேன்."

மேடம் கடிதத்தைப் படித்தார். பிறகு மூக்குக் கண்ணாடிக்கு மேலாக டீச்சரைப் பார்த்தார்.

"ஒரு பில்லுக்கு இவ்ளோ கோவம் வராதே. வேற என்ன?"

டீச்சர் ஜன்னல் பக்கம் திரும்பினார். கீழே சலவைக் கடையில் இஸ்திரிப் பெட்டி உஸ்ஸென்று ஆவி விட்டது.

"அம்மா போன அன்னிக்கு, ஆஸ்பத்திரி வராந்தாவுல தனியா உக்காந்திருந்தான். பக்கத்துல போய் உக்காந்தேன். 'அண்ணா, ரெண்டு பேருமே போயிட்டாங்க, இனிமே நாம ரெண்டு பேருதான்'னு சொன்னேன். திரும்பிக்கூடப் பாக்கலை. எந்திரிச்சு நடந்து போயிட்டான். அஞ்சு மாசமாச்சு. அவனும் கூப்பிடலை, நானும் கூப்பிடலை."

கண்டக்டர் நாக்கு நுனியில் ஒரு ஜோக் தயாராக இருந்தது. அதை அப்படியே விழுங்கிவிட்டார்.

"நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் நேரம் இருக்கு," என்றார் மேடம். "இன்னிக்கு ஒரு பகல் எனக்குக் குடுங்க. இந்த லெட்டரை மட்டும் அதுவரைக்கும் அனுப்பாதீங்க. அப்புறம், உங்கப்பா விவரத்தை எங்களுக்குக் காட்டலாம்னு கிளினிக்குக்கு ஒரு வரி எழுதிக் குடுங்க."

*

காது கிளினிக் ஒரு கண்ணாடிக் கடைக்கும் செருப்புக் கடைக்கும் நடுவில் ஒடுக்கமாக இருந்தது. வழியெல்லாம் கண்டக்டர் தன் கொள்கையை விளக்கிக்கொண்டே வந்தார். கிளினிக்காரனே கள்ள பில் போட்டிருக்கிறான், செத்தவர் வந்து சண்டை போடமாட்டார் என்கிற தைரியம்.

"ஒரே ஒரு மோல்டுக்கா?" என்றார் மேடம். "கள்ள பில் போடுறவன் மெஷினுக்கே போட்டிருப்பான்யா."

உள்ளே வெள்ளைக் கோட்டுப் போட்ட டெக்னீஷியன் இருந்தார். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். இவர்களைப் பார்த்ததும், "வாங்க! உக்காருங்க! யாருக்குக் காது கேக்கலை?" என்று அலறினார்.

கண்டக்டர் இரண்டடி பின்வாங்கினார். "இதுவரைக்கும் யாருக்கும் இல்ல. இன்னொரு தடவை கேட்டீங்கன்னா எனக்கு."

"மன்னிச்சுக்குங்க!" டெக்னீஷியன் அதையும் அலறியே சொன்னார். "ஆரம்பத்துல மெதுவாத்தான் பேசிட்டிருந்தேன். இந்த வேலையில தொண்டை இப்படி ஆயிடுச்சு. வீட்டுலயும் திட்டுறாங்க."

டீச்சர் எழுதிக் கொடுத்த காகிதத்தைப் பார்த்ததும் அவர் ஓர் இழுப்பறையைத் திறந்தார். உள்ளே சின்னச் சின்னப் பெட்டிகள், ஒவ்வொன்றின் மேலும் ஓர் எண். அப்பாவின் பெட்டியில் இறுகிப்போன இரண்டு காது அளவுகள் இருந்தன. ஒன்றில் சிவப்புப் புள்ளி, இன்னொன்றில் நீலப் புள்ளி.

"சிவப்பு வலது காது, நீலம் இடது காது," என்று விளக்கினார். "சிவப்பு எடுத்து ஆறு வருஷமாச்சு. நீலம் மார்ச் பதினாலு, நான் எடுத்தது."

மேடம் இரண்டையும் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். சிவப்பு சிறியது, ஒல்லியானது, நுனி வளைந்தது. நீலம் குண்டு, நேராக இருந்தது.

"ஒரே ஆளோட ரெண்டு காதும் இவ்ளோ வித்தியாசமா இருக்குமா?"

டெக்னீஷியன் முதல்முறையாகக் குரலைத் தாழ்த்தினார். "இருக்காது."

"கார்டுல வயசு எண்பத்திரெண்டுன்னு போட்டிருக்கு. வந்தவருக்கு என்ன வயசு இருக்கும்?"

"அம்பது சொல்லலாம் மேடம். நான் வேலைக்குச் சேந்து அன்னிக்கு ரெண்டாவது நாள். பரவாயில்லையே, எண்பத்திரெண்டுல உடம்பை இப்படி வெச்சிருக்காரேன்னு நினைச்சேன்."

"என்ன சாப்பிடுறீங்கன்னு கேட்டிருக்கலாமே?" என்றார் கண்டக்டர்.

"நீங்க என்ன கேட்டீங்க, அவர் என்ன சொன்னாரு? ஒண்ணு விடாம சொல்லுங்க," என்றார் மேடம்.

டெக்னீஷியன் கண்ணை மூடி யோசித்தார். "மெஷினையும் கார்டையும் மேஜைமேல வெச்சாரு. இடது காதைத் தொட்டுக் காட்டினாரு. இது உங்க கார்டுதானான்னு கேட்டேன், தலையாட்டினாரு. ஏற்கெனவே இங்க வந்திருக்கீங்களான்னு கேட்டேன், அதுக்கும் தலையாட்டினாரு. வலிக்குதான்னு கேட்டேன், அதுக்கும் ஆட்டினாரு. பதறிப்போய்க் கையை எடுத்தா, சிரிச்சுட்டு உக்காந்திருக்காரு. பணத்தைக் குடுத்துட்டுக் கிளம்பினாரு. நாலு நாள் கழிச்சு வந்து மோல்டை வாங்கிட்டுப் போனாரு."

"இது என்ன?" மேடம் பில் புத்தகத்தைத் திருப்பியிருந்தார். மார்ச் பதினாலாம் தேதிப் பக்கத்தில் ஒரு பில், கிழிக்கப்பட்டு, மறுபடி அதே இடத்தில் பின் போடப்பட்டிருந்தது. "ஒரிஜினல் பில் ஏன் உங்ககிட்டயே இருக்கு?"

"அவர் வாங்கிக்கலை. சார் பில்லு, சார் பில்லுன்னு வாசல் வரைக்கும் பின்னாடியே போனேன். திரும்பாமலே போயிட்டாரு. ரொம்பக் கர்வம் பிடிச்ச ஆளு போலன்னு விட்டுட்டேன்."

பென்சில் கொண்டைக்குள் போனதைக் கண்டக்டர் பார்த்தார்.

தெருவுக்கு வந்ததும் அவர் ஓட்டமும் நடையுமாக மேடத்தைப் பிடித்தார். "செருகிட்டீங்க. எனக்கும் கொஞ்சம் சொல்லிட்டுச் செருகியிருக்கலாம்."

"டீச்சரோட அண்ணன் வரி ஏமாத்தலை."

"எப்படிச் சொல்றீங்க?"

"முப்பது வருஷமா வரி ஏமாத்துறவங்களை விதவிதமா பாத்திருக்கேன்யா. பில்லைத் திருடினவன் உண்டு, பில்லைத் திருத்தினவன் உண்டு, பக்கத்து வீட்டுக்காரன் பில்லைக் கடன் வாங்கினவன்கூட உண்டு. பின்னாடியே ஓடிவந்து குடுக்குற பில்லை வேண்டாம்னு போறவன் ஒருத்தன்கூடக் கிடையாது. பில் இல்லாம எதை வெச்சு ஏமாத்துவான்?"

"அப்போ எதுக்கு செத்துப்போன அப்பா பேர்ல போய்க் காதைக் காட்டணும்?"

"அதை அவர் வேலை செய்யிற இடத்துல போய்ப் பாப்போம்," என்றார் மேடம். "உன் கட்டைத் தொண்டைக்கும் கொஞ்சம் வேலை இருக்கு."

*

ஏலக் கூடம் பழைய கிடங்கு ஒன்றில் நடந்துகொண்டிருந்தது. மூடிப்போன ஆபீஸ்களின் மேஜைகள், வீடு மாறியவர்களின் கட்டில்கள், கால் ஒடிந்த பியானோ ஒன்று. நடுவே வரிசையாக நாற்காலி போட்டு நாற்பது ஐம்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொருவர் கையிலும் எண் எழுதிய அட்டை. கண்டக்டருக்கு முப்பத்தொன்று கிடைத்தது.

மேடையில் நின்றவர்தான் அண்ணன் என்று அறிமுகம் இல்லாமலே தெரிந்தது. டீச்சரின் அதே மூக்கு. வாட்டசாட்டமான ஆள், கணீரென்ற குரல். தலைமுடியை மட்டும் காது மறைகிற அளவுக்கு வளர்த்துவிட்டிருந்தார். கோட்டுக்கும் அந்த முடிக்கும் சம்பந்தமே இல்லை.

"நீ வலது பக்கம் போ," என்று மேடம் கிசுகிசுத்தார். "அவருக்கு வலது பக்கம். அட்டையைத் தூக்காதே. அட்டையால வாயை மறைச்சுக்கிட்டுக் குரல் மட்டும் குடு."

கண்டக்டர் சுவரோரமாகப் போய் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார். மேடையில் ஒரு பல் டாக்டரின் பழைய நாற்காலி ஏலத்துக்கு வந்திருந்தது.

"ஒரு தரம்!" என்றார் ஏலக்காரர்.

"நான் கேக்குறேன்!" பஸ்ஸில் பின்படிக்கட்டு வரை கேட்கிற குரலில் கத்தினார் கண்டக்டர்.

முன்வரிசையில் இரண்டு பேர் திடுக்கிட்டுத் திரும்பினார்கள். ஏலக்காரர் திரும்பவில்லை.

"ரெண்டு தரம்!"

"யோவ், நான் கேக்குறேன்யா!"

ஏலக்காரரின் கண் கூட்டத்தை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு மெதுவாக அளந்தது. ஒவ்வொரு முகமாக நின்று பார்த்தார். இந்த மனிதர் கூட்டத்தைப் பார்க்கவில்லை, படிக்கிறார் என்று கண்டக்டருக்குப் பட்டது. அந்த நேரத்தில் பக்கத்து நாற்காலியில் இருந்த கட்டில் வியாபாரம் செய்யும் பெண்மணி அவர் முழங்கையில் ஓர் இடி கொடுத்தார்.

"என்னய்யா, இங்க வந்து கத்திட்டிருக்கே? கையைத் தூக்கு!" என்று சொல்லிவிட்டு, அவர் கையை அட்டையோடு பிடித்து அவரே தூக்கியும் விட்டார்.

ஏலக்காரரின் முகம் மலர்ந்தது. "முப்பத்தொண்ணு! மூணு தரம்!" சுத்தியல் விழுந்தது.

கண்டக்டர் பல் டாக்டர் நாற்காலிக்குச் சொந்தக்காரர் ஆனார்.

இடைவேளை மணி அடித்தது. எல்லோரும் டீ குடிக்க எழுந்தார்கள். கண்டக்டர் மேடத்திடம் ஓடி வந்தார். "மேடம், சோதனைச் செலவு யார் கணக்கு? என் வாயில மொத்தமே பதினெட்டுப் பல்லுதான் இருக்கு."

மேடம் பதில் சொல்வதற்குள் வாசலில் டீச்சர் தெரிந்தார். கையில் அதே கடிதம். நடையில் ஒரு முடிவு.

"ஒரு பகல் குடுங்கன்னு சொன்னேனே," என்றார் மேடம்.

"அனுப்பலை. ஆனா அனுப்பப்போறேன்னு அவன் முகத்துக்கு நேராச் சொல்லிட்டுத்தான் அனுப்புவேன். எங்கே அவன்?"

ஏலக்காரர் மேடை ஓரத்தில், இவர்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, டீ குடித்துக்கொண்டிருந்தார். டீச்சர் பத்தடி தூரத்தில் போய் நின்றார்.

"அண்ணா!"

அவர் திரும்பவில்லை.

"அண்ணா, உன்னைத்தான்!"

டீயை ஓர் உறிஞ்சு உறிஞ்சினார். அவ்வளவுதான். டீச்சர் கண்ணில் நீர் முட்ட, மேடத்தின் பக்கம் திரும்பினார். "பாத்தீங்கள்ல? இதேதான். அன்னிக்கும் இதேதான்."

மேடம் கண்டக்டரிடம் பக்கத்து மேஜையைக் கண்ணால் காட்டினார். அடுத்து ஏலம் விடவேண்டிய பழைய அலாரக் கடிகாரங்கள் ஏழு அங்கே வரிசையாக நின்றன. கண்டக்டருக்கு இப்போது எல்லாம் ஒரேயடியாகப் புரிந்தது. வலிக்குதா என்று கேட்டாலும் தலையை ஆட்டியவர். சார் பில்லு, சார் பில்லு என்று கூப்பிடக் கூப்பிடத் திரும்பாமல் போனவர். இருப்பதிலேயே பெரிய கடிகாரமாகப் பார்த்து எடுத்து, சாவி கொடுத்து, பூனை நடை நடந்து ஏலக்காரரின் முதுகுக்குப் பின்னால் போய் முள்ளைத் திருப்பினார்.

கடிகாரம் கதறியது. டீக்கடைப் பக்கம் ஒருவர் டம்ளரைக் கீழே போட்டார். கிடங்கின் தகரக் கூரையில் இருந்த புறாக்கள் அத்தனையும் படபடவென்று எழும்பின. நாற்பது ஐம்பது தலைகளும் ஒரே சமயத்தில் திரும்பின.

ஏலக்காரர் நிதானமாக டீயைக் குடித்து முடித்து, டம்ளரைக் கீழே வைத்தார்.

டீச்சர் கையில் இருந்த கடிதம் மெல்லத் தாழ்ந்தது. கண்டக்டர் அலாரத்தை அமுக்கினார். அந்த நிசப்தத்தில் மேடம் டீச்சரிடம் மெதுவாகச் சொன்னார்.

"பதினாலாம் தேதி அங்க போய் அளவு குடுத்தது உங்கண்ணனோட காது."

டீச்சர் மேடையைச் சுற்றிக்கொண்டு போய் அவர் முன்னால் நின்றார். ஏலக்காரர் நிமிர்ந்தார். தங்கையைக் கண்டதும் அவர் கை முதலில் போனது இடது காதுக்கு, முடியை இழுத்துவிட. டீச்சர் அந்தக் கையைப் பிடித்து விலக்கினார். முடிக்கு அடியில், காதுக்குப் பின்னால், ஓரத்தில் சாயம் போன பழைய மெஷின்.

"அப்பாவோட மெஷினு," என்றார் டீச்சர்.

"கொஞ்சம் சத்தமா சொல்லு, இடைவேளைன்னு மெஷினை அணைச்சு வெச்சிருக்கேன்," என்றார் அண்ணன். சொன்ன பிறகுதான், என்ன சொல்லிவிட்டோம் என்று அவருக்கே உறைத்தது. முகம் வெளுத்தது. பிறகு, மறைப்பதற்கு இனி ஒன்றுமில்லை என்பதுபோலத் தோள்கள் தளர்ந்தன.

"எத்தனை நாளா?" டீச்சர் அவர் முகத்துக்கு நேராக, ஒவ்வொரு எழுத்தாகக் கேட்டார்.

"ரெண்டு வருஷமா. வலது காது முழுசாப் போயிடுச்சு. இடதுல கொஞ்சம் மிச்சமிருக்கு. அப்பா மெஷினை மாட்டிப் பாத்தேன், ஏதோ கேட்டுச்சு. ஆனா அச்சு பொருந்தலை."

"அதுக்கு அப்பா பேர்ல போவியா?"

"அப்பா பேர்லயா?" அண்ணன் நிஜமாகவே விழித்தார். "மெஷினோட இருந்த கார்டுன்னு கூட எடுத்துட்டுப் போனேன், அவ்வளவுதான். அந்த ஆளு வாயைத் துணியால மூடிக்கிட்டு என்னென்னவோ கேட்டான். நாலு தடவை தலையாட்டினா விட்டுருவாங்க. எல்லா இடத்துலயும் அப்படித்தான் சமாளிக்கிறேன். பணம் நான்தான் குடுத்தேன்."

"என்கிட்ட சொல்றதுக்கு என்ன?"

"உன்கிட்ட சொன்னா ஊருக்கே தெரிஞ்ச மாதிரி. ஏலம் விடுறவனுக்குக் காது கேக்கலைன்னு தெரிஞ்சா யாரு வேலைக்கு வெச்சுப்பாங்க? உன் முன்னாடி மெஷினைக் கழட்டிடுவேன். பாத்தா அப்பாவோடதுன்னு நீ கண்டுபிடிச்சிடுவியோன்னு பயம்."

"அன்னிக்கு ஆஸ்பத்திரியில? அம்மா போன அன்னிக்கு?"

"அன்னிக்கும் கழட்டி பாக்கெட்லதான் வெச்சிருந்தேன். கண்ணை மூடி உக்காந்திருந்தேன். நீ பக்கத்துல உக்காந்திருந்ததே எந்திரிச்சு நாலடி போனப்புறம்தான் தெரிஞ்சுது. அதுக்குள்ள நீ மூஞ்சியைத் திருப்பிக்கிட்டே." அவர் தயங்கினார். "ஏன், ஏதாவது சொன்னியா?"

டீச்சர் அண்ணனின் தோளில் ஓங்கி ஓர் அடி அடித்துவிட்டு, அதே தோளில் முகத்தை வைத்துக்கொண்டார். கண்டக்டர் கூரையில் புறாக்களை எண்ண ஆரம்பித்தார். மேடம் மட்டும் அசையாமல், அந்தக் கடிதத்தை டீச்சர் கையிலிருந்து பதமாக உருவி, தன் பென்சிலையும் உருவினார்.

"பதிலை மாத்தி எழுதணும்," என்றார். "முதல் ரெண்டு பில்லும் உங்கப்பாவுக்கு நடந்த வைத்தியம், அதுக்கு நீங்க கட்டின பணம். ஆதாரத்தோட அப்படியே நிக்கட்டும். அம்மா பில்லுல அவங்க எதுவுமே கேக்கலை. மூணாவது பில் உங்கப்பாவோடது இல்ல, தவறுதலா சேந்துருச்சு, திரும்ப வாங்கிக்கிறேன்னு எழுதினாப் போதும். உங்கண்ணன் பேரை அடிச்சிடுறேன்."

ஏலக்காரர் மேடத்தின் உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அடிக்காதீங்க," என்றார். "அது என் காது. என் பேரே இருக்கட்டும்."

"அப்போ கிளினிக்குல போய் பில்லை உங்க பேர்ல மாத்தி வாங்கிக்குங்க," என்றார் மேடம். "உங்க காது, உங்க காசு. உங்க ரிட்டர்ன்ல நீங்களே கேட்டுக்கலாம்."

"அந்த டெக்னீஷியன் இப்போ நல்லாவே கத்துறாரு," என்றார் கண்டக்டர். "உங்களுக்கு ரொம்ப வசதியா இருக்கும்."

இடைவேளை முடிந்த மணி அடித்தது. சனங்கள் நாற்காலிகளுக்குத் திரும்பினார்கள். ஏலக்காரர் மேடை ஏறி, சுத்தியலைக் கையில் எடுத்து, பிறகு கீழே வைத்தார். டீச்சர் முன்வரிசையில் அண்ணனுக்கு இடது பக்கமாக ஓர் இடம் பிடித்து உட்கார்ந்தார்.

"அடுத்த பொருளுக்கு முன்னாடி ஒரு விஷயம்," என்றார் ஏலக்காரர். இரண்டு கையாலும் முடியை ஒதுக்கிக் காதுக்குப் பின்னால் செருகிக்கொண்டார். மெஷின் எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது. "எனக்குக் காது சரியாக் கேக்காது. ரெண்டு வருஷமா மறைச்சுட்டேன். உங்க குரலைக் கேக்காம விட்டிருந்தா, யாருக்காவது நஷ்டம் ஆகியிருந்தா, சொல்லிடுங்க. முதலாளிகிட்ட நானே போய்ச் சொல்றேன்."

ஏலக்காரர் வரிசை வரிசையாக முகங்களைப் பார்த்தார். எதிலும் ஆச்சரியம் இல்லாதது அவரைக் குழப்பியது.

கட்டில் வியாபாரம் செய்யும் பெண்மணி எழுந்தார்.

"ஏன்யா, இதை நீ சொல்லித்தான் எங்களுக்குத் தெரியணுமா? ஒன்றரை வருஷமா வாயை மூடிட்டுக் கையைத் தூக்கிட்டிருக்கோமே, எதுக்குன்னு நினைச்சே? முதலாளியுந்தான் அந்த ரூம் கண்ணாடி வழியா பாத்துட்டிருக்காரு. போய் வேலையைப் பாருய்யா!"

கூடம் வெடித்துச் சிரித்தது. அந்தச் சிரிப்பில் பெண்மணி சொன்னது பாதிக்குமேல் மேடைக்குப் போய்ச் சேரவில்லை. ஏலக்காரர் தடுமாறிப்போய்த் தங்கையைப் பார்த்தார்.

டீச்சர் எழுந்து நின்றார். கடைசி பெஞ்சுக்குப் பாடம் நடத்துகிற மாதிரி, வாயை நன்றாகத் திறந்து, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார்.

"எல்லாருக்கும். முன்னாடியே. தெரியுமாம்."

ஏலக்காரர் அந்த உதடுகளைப் படித்தார். கூட்டத்தைப் பார்த்தார். மறுபடி தங்கையைப் பார்த்தார். என்ன செய்வதென்று தெரியாமல் சுத்தியலை எடுத்து, எந்தப் பொருள் என்று சொல்லக்கூட மறந்து, "ஒரு தரம்..." என்று ஆரம்பித்தார்.

அதற்குள் கூடத்தில் இருந்த அத்தனை கைகளும் மேலே போயிருந்தன.